கால் கழுவிய தண்ணீர்

பெரிய வியாழனன்று எங்கள் ஊர் தேவாலயத்தில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதன் நினைவாகப் போதகர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துண்டால் துடைப்பார். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பது ஒரு வாரத்துக்கு முன்பே சபைக் கமிட்டியில் முடிவாகிவிடும். ஒரு டாக்டர், ஒரு காலேஜ் கரஸ்பாண்டென்ட், ரெண்டு லாரி ஓனர், ஒரு கோழிப்பண்ணைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், இந்த மாதிரி. என் அப்பா கமிட்டிப் பொருளாளர். வருடம் தவறாமல் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அன்று மதியமே அம்மா வெந்நீர் வைத்து அப்பாவின் காலை ஊறப்போட்டு, குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டிவிடுவார். கழுவப்படப் போகிற காலை முதலில் கழுவியாக வேண்டுமே. போதகர் கையில் அழுக்கு ஒட்டிவிடக் கூடாது.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். பாடகர் குழுவில் நின்றிருந்தேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பக்கவாசல் நன்றாகத் தெரியும். பன்னிரண்டாவது ஆளின் காலைத் துடைத்து முடித்ததும் கோயில்பிள்ளை பேசினைத் தூக்கிக்கொண்டு பக்கவாசலுக்குப் போனார். தேவாலயத்தைக் கூட்டி, கக்கூஸ் கழுவுகிற அம்மா அங்கே நின்றிருந்தார். பேசினை வாங்கிப்போய் வேப்பமரத்தடியில் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. சந்தா கட்டுகிறார். அந்தப் பட்டியலில் மட்டும் ஒரு வருடமும் வந்ததில்லை. அவருக்கு அப்போது என் அம்மாவின் வயது. நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். யாரும் தப்பு என்று சொன்னதில்லை. மூன்று தலைமுறைக்கு முன், சாதியையும் கையில் பிடித்துக்கொண்டே கிறிஸ்தவத்துக்குள் வந்த குடும்பம் எங்களுடையது. ஞானஸ்நானத் தண்ணீரில் பழைய மனிதன் மூழ்கிவிடுவான் என்பார்கள். சாதிக்கு நீச்சல் தெரிந்திருக்கிறது.

இருபது வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் தாழ்மையை ஒரு குரலாக, ஒரு உடல்மொழியாகக் கற்றுக்கொண்டோம். உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. அன்பைப் பற்றி நம்மைப் போலப் பேச ஆளில்லை. யாருடைய அடுப்பில் யார் கஞ்சி காய்ச்சுவது என்ற கேள்வி வந்தால் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் பெங்களூரில் பதவி உயர்வு கிடைத்தவன் லிங்க்ட்இனில் முதல் வார்த்தையாக ‘ஹம்பிள்ட்’ என்று போடுகிறான். மேலே போனதற்கு அறிவிப்பு, கீழே இறங்கியதாக! ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ என்று மேனேஜர்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி உண்டு, ரிசார்ட்டில். இயேசுவின் பெயர் மட்டும் அதில் வராது, மற்றபடி எல்லாம் வரும். பயிற்சி முடிந்து வந்தவர் டீமிடம் “உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று ஒரு வாரம் கேட்பார். நம்மூர் பிளெக்ஸில் ‘தேவனுடைய எளிய ஊழியக்காரன்’ என்று எழுதி ஆள் உயரத்துக்குத் தன் படத்தைப் போட்டுக்கொள்கிற அண்ணனுக்கும் இவருக்கும் சட்டையில்தான் வித்தியாசம்.

இது நேற்று வந்த வியாதி இல்லை. எங்கள் சமவெளியில் இதற்கு நானூறு வருடக் கதை இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலியை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தமிழ் உரைநடையின் தொடக்கம் பற்றிப் பேசும் யாரும் தத்துவ போதகரைத் தொடாமல் போவதில்லை. காவி உடுத்தினார், சந்தனம் பூசினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொண்டார். சமஸ்கிருதமும் தெலுங்கும் தமிழும் படித்தார். முன்பே மதுரையில் இருந்த சக பாதிரியாரிடமிருந்து வீட்டையும் விலக்கிக்கொண்டார், ஏனென்றால் அவரோடு பழகினால் மேல்சாதிக்காரர் நெருங்க மாட்டார்கள். 1623இல் வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று எங்கள் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் 1625இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். தம்பியிடம் ஆட்சியைப் பறிகொடுத்தவர் அவர். அந்தச் சேந்தமங்கலம் இன்று நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. என் அத்தை வீட்டுக்குப் போகும் வழி.

நொபிலி வடக்கே வந்த அதே 1623இல், பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருடைய முறைகளுக்கு அனுமதி கொடுத்தார். பூணூல் போடலாம், சந்தனம் பூசலாம். அந்த ஆணையிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது. பிறப்பால் உயர்ந்தவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, குறிப்பாக ஆலயத்தில் வசனம் கேட்கும்போதும் அருட்சாதனம் பெறும்போதும் கூடாது என்று பாப்பரசர் கெஞ்சுகிற தொனியில் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பகுதி அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. ரெண்டாவது பகுதி இன்னமும் நிலுவையில் இருக்கிறது.

நொபிலிமீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவர் அனுபவித்த கஷ்டமும் படித்த படிப்பும் பொய்யல்ல. கடைசியில் கண்பார்வை மங்கி 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். ஆனால் கணக்குப் பாருங்கள். உடையை மாற்றினார், சாப்பாட்டை மாற்றினார், பெயரை மாற்றினார். ஒரு மனிதன் இவ்வளவையும் விட்டுக்கொடுத்தது யாரோடு உட்கார? இவ்வளவு பெரிய தியாகம், மேலே இருப்பவர்களோடு சமமாக உட்காரச் செலவானது. கீழே இருப்பவர்களுக்கு? 1640 வாக்கில் அவர்களுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் என்ற வகையை உண்டாக்கினார்கள். மேலுக்கு ஒரு சாமியார், கீழுக்கு ஒரு சாமியார். இலக்கியக் கூட்டங்களில் நொபிலியின் ‘பண்பாட்டு உரையாடல்’ பற்றிப் பேசும் நண்பர்கள் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

விளைவு எங்கள் சமவெளிக்குக் கிழக்கே, அந்தக் காலத்து விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தெரிந்தது. தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் ஊரின் பிரதான வீதி வழியாகத் தேவாலயத்துக்கு வரக்கூடாது என்று கிறிஸ்தவர்களே தடுத்த ஊர். தனிப் பங்கு கேட்டதில் தொடங்கிய சச்சரவு 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்துப்போனார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிக்குச் சாதி எலும்பு கலந்துவிடாமல் சுவர் எழுப்பியதும் நாம்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அதை எதிர்த்து வருடா வருடம் ஆகஸ்ட் 10 அன்று திருச்சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. மிக நியாயமான கோரிக்கை, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதம் மாறினாலும் சாதி போவதில்லை, கிறிஸ்தவத்துக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்பதுதான் அதற்கான வாதம். டெல்லியில் போய் இதைச் சொல்கிறோம். அதே ஞாயிற்றுக்கிழமை ஊர் பிரசங்கத்தில் “கிறிஸ்துவுக்குள் சாதி கிடையாது” என்கிறோம். ஒரே வாயில் ரெண்டு வாக்குமூலம். எது உண்மை என்று கல்யாண நேரத்தில் மேட்ரிமோனி பயோடேட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சேந்தமங்கலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. நொபிலி வந்து ஏறக்குறைய முன்னூறு வருடம் கழித்து, இந்த அடிவாரத்திலிருந்து ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இங்கிலாந்துக்காரரும், 1913இல் அவரை மணந்துகொண்ட ஈவ்லினும் மலையேறினார்கள். ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் படித்தவர். அப்போது எழுபது கொண்டைஊசி வளைவு கிடையாது. ஏறினால் காலால் ஏற வேண்டும், இல்லாவிட்டால் டோலி. மேலே மலேரியா. வளவந்தியில் வீடு கட்டிக்கொண்டு மலையாளிப் பழங்குடி மக்களிடையே வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மலையில் நரம்புச் சிலந்தி நோய் பரவியிருந்தது. கிணற்றுத் தண்ணீரோடு உள்ளே போகும் புழு ஒரு வருடம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார், புழு தண்ணீரிலேயே குஞ்சைக் கக்கும், அடுத்தவர் அதைக் குடிப்பார். ஜெஸ்ஸி அந்தக் கால்களைப் பிடித்து, புழுவை ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, அறுந்துவிடாமல் இழுப்பார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் பால், அதைக் கடைசிவரை மறக்கவில்லை. அந்தக் கால்களை யாரும் முதலில் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கொண்டுவரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பல வருடம் ஒருவர்கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை. மலைப் பூசாரி எதிர்த்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்க்க நியாயம் இருந்தது. முதல் உலகப்போர் முடியும் சமயம் இன்புளூயன்சா மலைக்கும் வந்தது. வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள், படுத்தவர் பசியிலும் தாகத்திலும் சாவார். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு சிற்றூர் சிற்றூராகப் போய் வாயில் ஊற்றினார்கள். எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். அவர்களுக்கும் ஊற்றினார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் பூசாரி தன் பிள்ளைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். தன் சொந்த ஜனம் யாரிடமும் இல்லை, தான் எதிர்த்தவர்களிடம். அதற்குப் பிறகுதான் மலையில் ஆட்கள் இவர்களிடம் வர ஆரம்பித்தார்கள்.

இங்கே நண்பர்கள் கையை உயர்த்துவார்கள், தெரியும். “அப்ப கஞ்சி ஊத்துனது மதம் மாத்தத்தானே?” மாற்ற வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. மலைத் தெய்வங்களைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கருத்தும், ஆள்பவர்களின் நிறத்தில் வந்ததால் கிடைத்த சௌகரியமும் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் தூண்டில் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மீன் கடிக்காவிட்டால் தூண்டில்காரன் இடம் மாறுவான். இவர்கள் மாறவில்லை. நொபிலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவருக்கும் மதம் மாற்றுவதுதான் நோக்கம். ஒரே நோக்கம், ஒரே அடிவாரம். ஒருவர் மதிப்பைச் சம்பாதித்துக்கொண்டு அதன் வழியாகச் சொன்னார். இவர்கள் ஓடிப்போன சொந்தக்காரர்களின் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகும் கப்பலில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஈவ்லின் இந்தியாவை விடவில்லை. மிஷன் அவரைச் சமவெளியில் வேலை பார்க்க வைத்தது. எழுபதை நெருங்கும் வயதில், வயதாகிவிட்டது, ஓய்வெடுத்துக்கொள் என்றது. ஓய்வு பெற்றுக்கொண்டார். பெற்ற கையோடு, மிஷனின் சம்பளமும் உத்தரவும் இல்லாமல் திரும்ப மலைக்கே போனார். கொல்லிமலை போதாதென்று கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றினார். மட்டக்குதிரையில் போய் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார், பிறகு ரெண்டு மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். டாக்டரான மகன் இறங்கி வந்துவிடும்படி கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி இருபது வருடம் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974இல் 95ஆவது வயதில் இறந்தார். மலையில் கணவர் பக்கத்தில் புதைத்தார்கள்.

இந்தக் கிழவியைப் பற்றி எங்கள் ஞாயிறு பள்ளியில் பாடம் உண்டு. பாடத்தின் தலைப்பு ‘தியாகம்’. தியாகம் என்று சொல்லிவிட்டால் சௌகரியம், நாம் செய்ய வேண்டியதில்லை. எனக்கு அவரிடம் தியாகத்தைவிடப் பிடிவாதம்தான் தெரிகிறது. யார் சொன்னாலும் தன் இடம் எது என்பதை விட்டுக்கொடுக்காத பிடிவாதம். குரலில் அவர் தாழ்மையாக இருந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை. மிஷன் ஆபீஸ் அவரைப் பார்த்துப் பயந்திருக்கும்.

மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அறுவை சிகிச்சை செய்ததில் உலகத்துக்கே முன்னோடி. ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறினார். நோயாளியான ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி டக்கென்று திருப்பிவிட்டான். கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் கிழிந்து எலும்பு தெரிகிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஒவ்வொரு நாளும் காயப்பட்டுத் தேய்ந்துபோகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். தொழுநோயை வசவாகவோ உவமையாகவோ பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது, அது அந்த நோயாளிகளுக்குச் செய்கிற அநியாயம். ஆனாலும் திருச்சபையை ஒரு உடம்பு என்று எழுதி வைத்திருப்பது புனித பவுல். ஒரு உறுப்பு நொந்தால் எல்லா உறுப்பும் நோக வேண்டும் என்றும் அவர்தான் சொல்கிறார். அப்படியானால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிது. நமக்கு வலிக்கிறதா?

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், 21 வயது, என்னைப் போலவே எஞ்சினியரிங் படித்தவர், தலித். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் வந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கொன்றவர்களுக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வார ஞாயிறு, ஜூன் 28, நான் ஊரில் இருந்தேன். மழைக்காக ஜெபித்தோம். கவுன்சலிங் போகும் பிள்ளைகளுக்காக, ஒருவரின் கனடா விசாவுக்காக, ஒரு அக்காவின் மூட்டுவலிக்காக ஜெபித்தோம். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் நடந்த அந்தச் சாவு பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஆராதனை முடிந்து போதகரிடம் கேட்டேன். தோளில் கை போட்டு, மிக மிகத் தாழ்மையான குரலில் சொன்னார்: “தம்பி, அது அரசியல். அவங்க நம்ம ஜனமும் இல்ல. நாம ஏன் நடுவுல?” எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போன ஆசாரியனும் இதைத்தான் மனசுக்குள் சொல்லியிருப்பான். அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் சபை வருடா வருடம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறது.

நானும் அன்று எழுந்து நின்று கேட்கவில்லை. தனியாகப் போய் மெதுவாகத்தான் கேட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது. பெரிய வியாழனுக்கு அவர் நாற்காலிக்கு என் பெயரைப் போட்டு வாட்ஸப் குரூப்பில் பட்டியல் வந்தது. பெங்களூர்ச் சம்பளத்துக்குக் கிடைத்த மரியாதை. கமிட்டிச் செயலாளருக்கு போன் செய்து, என் இடத்தில் அந்த அம்மாவின் பெயரைப் போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லீங் தம்பி. அந்தம்மாவே ஒத்துக்காது. சங்கடப்படும்” என்றார். இந்தச் சங்கடம்தான் நம்மிடம் எல்லோருக்கும் பதிலாக வேலை செய்கிறது. எல்லோரும் நல்லவர்கள், ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை, அந்தம்மா மட்டும்தான் சங்கடப்படும்.

நேரில் போய்க் கேட்பது என்று முடிவுசெய்தேன். சனிக்கிழமை, தேவாலயத்துக்குப் பின்னால் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். முதல்முறையாக “அக்கா” என்று கூப்பிட்டேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு உடனே புரியவில்லை, திரும்பிப் பார்த்து வேறு யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். விஷயத்தைச் சொன்னேன். மனசுக்குள் ஒரு பெரிய காரியம் செய்கிற நினைப்பு எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“என்ற காலு எதுக்குங் தம்பி? வூட்ல நல்லாத்தான் கழுவிக்கிறன். மூணு வருசமா அதே மூவாயிரத்தஞ்சூறு ரூவாய்தான். அதக் கொஞ்சம் ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க. கக்கூஸுக்கு ஆசிட்டும் நாந்தான் காசு போட்டு வாங்கியாறன்.”

நாற்காலியில் நான் உட்காரவில்லை. இன்னொரு லாரி ஓனர் உட்கார்ந்தார். அப்பாவிடம் சம்பள விஷயத்தைச் சொன்னேன். “அது பட்ஜெட்டு. அதையும் கால் கழுவுறதையும் போட்டுக் குழப்பாதே” என்றார். விடாமல் கேட்டதில் கமிட்டிக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, நேரம் போதவில்லையாம். அடுத்த கூட்டத்துக்கான அஜெண்டா போன வாரம் வந்தது. ஏழாவதாகப் போட்டிருக்கிறார்கள், புது சவுண்டு சிஸ்டத்துக்கு அடுத்து.